கி.மீ. 14 ரூபாய் என்று சொல்லி வண்டி அனுப்புகிறவர்களிடம் கவனம்

கோடை டூருக்கு வாடகைக் கார் பேசுகிறவர்கள் இதைப் படித்துவிட்டு அட்வான்ஸ் போடுங்கள்.

சென்னையிலிருந்து ஈ.சி.ஆர். வழியாகப் பாண்டிச்சேரி, அங்கிருந்து கொடைக்கானல், பிறகு வீடு. வெள்ளி, சனி, ஞாயிறு. ஒரு டிராவல்ஸ்காரர் ஒரு குடும்பத்துக்குப் போனில் சொன்னது: கி.மீ.க்கு 14 ரூபாய், டிரைவர் பேட்டா நாளுக்கு 600, டோல் தனி, "பத்தொன்பதாயிரத்துக்குள் முடிஞ்சிடும் சார்". கடைசியில் நீட்டிய பில், டோல் நீங்கலாக 25,500.

குடும்பம் ஏறியது வியாழன் இரவு 11 மணிக்கு, இறங்கியது ஞாயிறு இரவு 11.15-க்கு. டிரிப் ஷீட்டில் வண்டி ஷெட்டை (டிராவல்ஸ்காரர் வண்டி நிறுத்தும் இடம்) விட்டுக் கிளம்பியது வியாழன் இரவு 10 மணி, ஷெட்டில் போய் நின்றது நள்ளிரவு தாண்டி 12.20. நாள் கணக்கு நள்ளிரவுக்கு நள்ளிரவு என்பதால் மூன்று நாள் ஐந்தாகிவிட்டது. நாளுக்குக் குறைந்தது 300 கி.மீ. என்று 1,500 கி.மீ.க்குப் பில், மீட்டரில் ஓடியது 1,170. ஓடாத 330 கி.மீ.க்கு மட்டும் 4,620 ரூபாய். பேட்டாவும் ஐந்து நாளுக்கு.

ஷெட்டில் கிளம்பி ஷெட்டுக்குத் திரும்பும்வரை போடும் ஷெட் டு ஷெட் கணக்கும், குறைந்தபட்ச கி.மீ.யும் இந்தத் தொழிலில் பலரும் வைப்பதுதான். அதை முன்னாலேயே சொல்லாமல் மறைத்தது மோசடி. மலைக்கட்டணம் 1,000 என்று கடைசியில் சேர்த்ததும் அப்படியே. மலைக்குள் வண்டி நுழைய எடுக்கும் இ-பாஸுக்கு 500 வாங்கியதோ சுத்தத் திருட்டு. உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் நடைமுறைக்கு வந்த இ-பாஸுக்குக் கட்டணமே கிடையாது. நீங்களே ஆன்லைனில் எடுக்கலாம். வண்டி எண்ணைப் போட்டுத்தான் எடுக்க வேண்டும் என்பதால், கடைசி நேரத்தில் வண்டியை மாற்றினால் பழைய பாஸ் செல்லாது.

இங்கேயும் வண்டியை மாற்றித்தான் அனுப்பினார்கள். வந்தது வெள்ளை போர்டு, அதாவது வெள்ளை நம்பர் பிளேட் வண்டி. சொந்த உபயோக வண்டியை வாடகைக்கு ஓட்டுவது சட்டப்படி தவறு. விபத்து நடந்தால் இன்சூரன்ஸ் கம்பெனி கைவிரிக்க இதுவே போதும். மஞ்சள் போர்டு இல்லையென்றால் ஏறாதீர்கள். வண்டி எண்ணை எம்பரிவாஹன் என்ற அரசு ஆப்பில் போட்டு எஃப்.சி. (தகுதிச் சான்று), இன்சூரன்ஸ் தேதிகளைப் பாருங்கள். பாண்டிச்சேரி தனி யூனியன் பிரதேசம், அதனால் பெர்மிட் யார் செலவு என்பதையும் முதலிலேயே கேளுங்கள்.

பணத்தைவிடப் பயங்கரம் இறக்கம். டீசல் மிச்சம் பிடிக்க வத்தலக்குண்டு மலைப்பாதையில் டிரைவர் நியூட்ரலில் இறக்கியிருக்கிறார். நியூட்ரலில் இன்ஜின் வண்டியைப் பிடிக்காது, பாரம் முழுக்க பிரேக்கில் விழும். பிரேக் பேட் சூடேறி, பிரேக் ஆயில் கொதித்து ஆவியானால் பெடல் அடிவரை இறங்கும், வண்டி நிற்காது. கருகல் வாடை வந்தால் உடனே ஓரங்கட்டி ஆறவிடச் சொல்லுங்கள். ஏறிய கியரிலேயே இறங்குவதுதான் முறை, கொண்டை ஊசி வளைவில் இரண்டாவது கியர்.

பேசி முடித்ததும் இவற்றை வாட்ஸ்அப்பில் எழுதி வாங்குங்கள்: நாள் என்பது 24 மணி நேரமா, தேதியா, கி.மீ. எங்கே தொடங்கி எங்கே முடியும், மலைக்கட்டணம் எவ்வளவு, டோலுக்கு ஃபாஸ்டேக் விவரம் காட்டுவார்களா. ஏறும்போதும் இறங்கும்போதும் ஓடோமீட்டரை நேரத்தோடு போட்டோ எடுங்கள். தகராறு வந்தால் இந்த ஆதாரங்களோடு நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதியலாம். வெள்ளை போர்டு விஷயம் ஆர்.டி.ஓ.வுக்கு.