ராபர்ட் ஸ்மால்ஸைத் தேட: காங்கிரஸ் குறிப்பா, ஓய்வூதியக் கோப்பா?

அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது, 1862 மே 13 விடியலுக்கு முன், கேப்டனின் வைக்கோல் தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டு, ‘பிளான்டர்’ நீராவிக் கப்பலைத் தெற்குத் தரப்பின் சார்ல்ஸ்டன் துறைமுகத்திலிருந்து வடக்குப் படையிடம் ஓட்டிவந்த அடிமை ராபர்ட் ஸ்மால்ஸ். பின்னாளில் காங்கிரஸ் எனப்படும் அமெரிக்க நாடாளுமன்றத்தின் உறுப்பினர். இப்படிப்பட்டவர்களின் வாழ்க்கையைத் தேடுவோர் எதில் தொடங்குவது: காங்கிரஸ் உறுப்பினர்களின் வாழ்க்கைக் குறிப்பகராதியிலா, படைப்பணிக்கு ஓய்வூதியம் கேட்டவர்களின் மனுக்கள் அடங்கிய ஓய்வூதியக் கோப்பிலா?

செலவு: காங்கிரஸின் வாழ்க்கைக் குறிப்பகராதி இணையத்தில் இலவசம். ஓய்வூதியக் கோப்பின் நகலுக்குத் தேசிய ஆவணக் காப்பகத்தின் படிவம் 85, கூடவே கட்டணம்.

தேதி: பதவிக்காலத்துக்கு அகராதியை நம்பலாம். கோப்பில் வயதும் திருமண நாளும் மனுவுக்கு மனு மாறும்; பல நினைவிலிருந்து சொன்னவை.

ஆழம்: இதில் கோப்புக்கு ஈடே இல்லை. மருத்துவப் பரிசோதனை, அண்டை வீட்டார் வாக்குமூலம், விதவையின் திருமணச் சான்று என்று ஒரு குடும்பமே அதில் இருக்கும்.

ஸ்மால்ஸிடம் பலர் தடுமாறுவது வேறு இடத்தில். அவர் முறையான நியமன ஆணை இல்லாத பைலட், அதாவது கப்பலுக்கு வழிகாட்டி ஓட்டுபவர். அதனால் படைப்பணிப் பதிவை மட்டும் நம்பினால் ஏமாற்றம்தான். அவருக்கு மாதம் 30 டாலர் ஓய்வூதியம் கிடைத்ததே 1897-இல் அவருக்கென்றே வந்த தனிச் சட்டத்தால். அந்த ஆண்டுச் சட்டத் தொகுப்பையும் புரட்டுங்கள்.

அரசியல் கட்டுரைக்கு அகராதி போதும். குடும்ப வரலாறு எழுதுவோர் கோப்புக்கே காசு செலவிடுங்கள்.