நெருக்கடிக் காலத்தில் விழுமிய அட்டைகள் எந்த அளவுக்கு உதவும்?

வாழ்க்கையில் தனக்கு எவை முக்கியம் என்பதை ஒருவர் கண்டறிய, அமெரிக்காவின் நியூ மெக்சிகோ பல்கலைக்கழகத்தில் உளவியலாளர் வில்லியம் மில்லரும் சக ஆய்வாளர்களும் 2001இல் உருவாக்கிய தனிமனித விழுமிய அட்டைத் தொகுப்பில் 83 அட்டைகள் உள்ளன. கடமை, தனிமை, செல்வம், மன்னிப்பு என ஒவ்வோர் அட்டையிலும் ஒரு விழுமியத்தின் பெயரும் அதற்கான சிறு விளக்கமும் இருக்கும். பட்டியலில் இல்லாததை நாமே எழுதிச் சேர்க்க வெற்று அட்டைகளும் உண்டு. பதிப்புரிமைத் தடை கிடையாது என்பதால் யார் வேண்டுமானாலும் அச்சிட்டுக்கொள்ளலாம்.

அட்டைகளை மிக முக்கியம், முக்கியம், முக்கியமில்லை என மூன்று அடுக்குகளாகப் பிரிக்க வேண்டும். இந்த முதற்சுற்றினால் பெரிய பயன் இல்லை என்பது என் கருத்து. கருணை என்ற அட்டையை முக்கியமில்லை என்று ஒதுக்க யாருக்குத்தான் மனம் வரும்? மிக முக்கியம் என்ற அடுக்கிலிருந்து ஏழெட்டு அட்டைகளை மட்டும் நிறுத்திக்கொண்டு மற்றவற்றை விலக்கும்போதுதான் கை தயங்கத் தொடங்குகிறது. அந்தத் தயக்கத்தில்தான் இந்தத் தொகுப்பின் மதிப்பு இருக்கிறது.

வேலையை இழந்திருந்த காலத்தில் இதைப் பயன்படுத்தினேன். பாதுகாப்பும் செல்வமும் மேலே வரும் என்றே எதிர்பார்த்தேன். ஆனால் கடைசிவரை என்னால் விலக்க முடியாமல் நின்றது, பிறர் நம்பியிருக்கத்தக்கவராக இருத்தல் என்ற பொருள் தரும் அட்டை. வருமானம் நின்றதைவிட, என்னை நம்பி ஒரு வேலையை ஒப்படைக்க யாரும் இல்லை என்பதே உறுத்தியிருக்கிறது. அதைக் கண்டுகொண்ட பின் அடுத்து என்ன செய்வது என்பதை யோசிக்க முடிந்தது. ஊதியம் இல்லாவிட்டாலும் பொறுப்பு உள்ள பணிகளைத் தேடி ஏற்றுக்கொண்டேன்.

வாழ்க்கை நெருக்கடிகளை அளக்க மனநல மருத்துவர்கள் ஹோம்ஸ், ராஹே இருவரும் 1967இல் வெளியிட்ட அளவுகோல் 43 நிகழ்வுகளுக்கு மதிப்பெண் தருகிறது: வாழ்க்கைத் துணையின் மரணத்துக்கு 100, வேலை நீக்கத்துக்கு 47, பணி ஓய்வுக்கு 45. வேலையைத் தன் அடையாளமாகவே கொண்டவருக்கும், வீட்டுச் செலவுக்கான வழியாக மட்டும் பார்ப்பவருக்கும் அதே 47தான். இழப்பு ஒன்றாக இருந்தாலும் அது எந்த விழுமியத்தில் போய் அடிக்கிறது என்பதைப் பொறுத்தே மனநலம் குலைவதும் தேறுவதும் பெருமளவு அமைகின்றன. அந்த அளவுகோல் விட்டுவைத்த இந்த இடத்தை அட்டைகள் ஓரளவு நிரப்புகின்றன.

குறைகளும் சிறியவை அல்ல. உளவியலாளர் ஷலோம் ஷ்வார்ட்ஸ் 1992இல் முன்வைத்த கோட்பாடு பத்து அடிப்படை விழுமியங்களை வட்டமாக அடுக்கி, அருகருகே உள்ளவை ஒத்துப்போகும், எதிரெதிரே உள்ளவை மோதும் என்று விளக்குகிறது. அட்டைத் தொகுப்பில் அத்தகைய அமைப்பு எதுவும் இல்லை. சுதந்திரத்தையும் மரபையும் ஒருசேர மேலே வைத்துவிட்டு எழுந்து போய்விடலாம். நோயுற்ற பெற்றோரைப் பார்த்துக்கொள்ள ஊர் மாற வேண்டுமா என்ற கேள்வி வரும்போது அவ்விரண்டும் முட்டிக்கொள்ளும் என்பதை எந்த அட்டையும் சொல்வதில்லை. பொருளாதார வெற்றியை மற்ற இலக்குகளுக்கு மேலாக வைப்பவர்களிடம் மனநலம் குறைந்திருப்பதை உளவியலாளர்கள் காசர், ரயன் ஆகியோரின் 1993ஆம் ஆண்டு ஆய்வு காட்டியது. இங்கோ செல்வமும் கருணையும் சம எடையுள்ள தாள்கள். தீர்ப்புச் சொல்லாமல் இருப்பது உளவியல் ஆலோசனை அறையில் நல்ல பண்புதான். தனியாக உட்கார்ந்து பிரிப்பவருக்கு அது போதாது.

மேலும், எது முக்கியம் என்று கேட்கும் இந்தத் தொகுப்பு, அதன்படி இப்போது எவ்வளவு வாழ்கிறோம் என்று கேட்பதில்லை. தேர்ந்த அட்டைகள் ஒவ்வொன்றுக்கும் பத்துக்கு எத்தனை என்று நாமே பென்சிலால் குறித்துக்கொண்டால் இக்குறை பாதி தீரும். குடும்பம் என்ற அட்டைக்கு ஒன்பது போட முடியாமல் மூன்று போட நேர்ந்தால், அடுத்த வாரம் யாருக்கு நேரம் ஒதுக்க வேண்டும் என்பது தானே தெரிந்துவிடும்.

மரணம் நிகழ்ந்த வீட்டில், முதல் வாரங்களில், இதை யாரிடமும் நீட்ட வேண்டாம். உறக்கமும் உணவும் குலைந்திருப்பவருக்கு எல்லா அட்டைகளும் வெறுமையாகவே தோன்றும். தற்கொலை எண்ணம் உள்ளவருக்கு உடனடியாகத் தேவைப்படுவது மருத்துவ உதவி. அன்றாட வேலைகள் ஓரளவு நடக்கத் தொடங்கியும் மனம் தெளியாமல் இருக்கும் கட்டத்தில் உள்ளவர்களுக்கே, அதுவும் கேட்டுக்கொண்டிருக்க ஓர் ஆலோசகரோ நெருங்கிய நண்பரோ உடன் இருந்தால், இதைப் பரிந்துரைப்பேன்.