நாவலுக்கு ட்ரெய்லர் செய்யக் கொடுப்பவர்கள் கவனத்துக்கு

புது நாவலுக்கு வீடியோ ட்ரெய்லர் செய்து தருகிறோம் என்று மெசேஜ் அனுப்புபவர்களுக்கு முன்பணம் போடுவதற்கு முன்னால் இதைப் படித்துவிடுங்கள். என் நாவல் வெளியான நேரத்தில் அப்படி ஒரு குழு முழுப் பணத்தையும் வாங்கிக்கொண்டு, எங்கேயும் போட முடியாத ஒரு வீடியோவைக் கொடுத்துவிட்டுப் போனது. பெயரை எழுதவில்லை. பெயரை மாற்றிக்கொள்ள அவர்களுக்கு ஒரு நாள் போதும், வேலை செய்யும் விதம் மாறாது. அந்த விதம் தெரிந்தால்தான் நீங்கள் தப்பிக்கலாம்.

ஆரம்பத்தில் நன்றாகத்தான் பேசினார்கள். “நாவலோட ஃபைலை அனுப்புங்க மேடம், முழுசா படிச்சிட்டுத்தான் ஸ்கிரிப்ட் எழுதுவோம்” என்றார்கள். மாதிரிக்குக் காட்டிய வீடியோக்களும் அழகாக இருந்தன. பாதிப் பணம் முன்னால், மீதி வேலை முடிந்ததும் என்று பேச்சு. ஆனால் முடித்துவிட்டோம் என்று சொன்ன அன்று, மீதியையும் போட்டால்தான் ஃபைலே வரும், அதுவரை எதையும் காட்ட முடியாது என்று பிடிவாதமாக நின்றார்கள். வெளியீட்டு விழா நெருங்கியிருக்கும் நேரம் பார்த்துத்தான் இதைச் சொல்கிறார்கள் என்பதைக் கவனியுங்கள்.

என் நாவல் ஒரு மருத்துவமனையின் இரவு வார்டுக்குள்ளேயே நடப்பது. வயதான ஒரு நோயாளி, அவரைப் பார்த்துக்கொள்ளும் அருள்மொழி என்ற நர்ஸ், இருவருக்கும் நடுவே ஒரு பழைய கடிதம். வந்த ட்ரெய்லரில் பனி மூடிய பைன் காடு. பொன்னிற முடியோடு ஒரு பெண் வெறுங்காலில் ஓடுகிறாள், அப்புறம் ஒரு குதிரை. நாவலில் காடும் இல்லை, குதிரையும் இல்லை. 41-ஆவது விநாடியில் நிறுத்திப் பார்த்தால், ஜன்னல் கண்ணாடி மேல் ஸ்டாக் வீடியோ தளம் (யார் வேண்டுமானாலும் வாங்கிக்கொள்ள முன்பே எடுத்து வைத்த காட்சிகளை விற்கும் தளம்) ஒன்றின் வாட்டர்மார்க், அதாவது அதன் பெயர் முத்திரை, மங்கலாகத் தெரிந்தது. வாங்குவதற்கு முன் பார்த்துக்கொள்ளத் தரும் இலவசப் பிரதியை அப்படியே எடுத்து ஒட்டியிருக்கிறார்கள். பிறகு அதே பெண் அதே காட்டில் ஓடுவதை இன்னொருவரின் நாவல் ட்ரெய்லரிலும் பார்த்தேன். ஸ்டாக் காட்சியை எத்தனை பேர் வேண்டுமானாலும் வாங்கிப் பயன்படுத்தலாம், அதில் தப்பில்லை. உங்கள் கதைக்காகவே எடுத்தோம் என்று சொல்லி அதை விற்பதுதான் மோசடி.

குரலுக்கு அனுபவமுள்ள டப்பிங் கலைஞர் என்று சொல்லியிருந்தார்கள். கேட்டால் கணினிக் குரல். அருள்மொழியை ‘அருல்மொலி’ என்கிறது, எந்த இடத்திலும் மூச்சே விடுவதில்லை. திருத்தித் தரச் சொன்னதற்கு, இலவசத் திருத்தம் காட்சிகளுக்கு மட்டும்தான், குரலுக்குத் தனிக் கட்டணம் என்று பதில் வந்தது.

இதையெல்லாம்கூடத் தாங்கிக்கொள்ளலாம். கடிதத்தை எழுதியது யார் என்பதைக் கடைசி அத்தியாயம் வரை நாவல் மூடி வைத்திருக்கிறது. அதற்காகவே பல அத்தியாயங்களைத் திரும்பத் திரும்ப எழுதினேன். ட்ரெய்லர் அதைப் பாதியிலேயே போட்டு உடைத்துவிட்டது. ஒரு மனுஷர்கூட அந்த ஃபைலைத் திறந்து படித்திருக்க மாட்டார் என்று அந்த இடத்தில்தான் உறுதியானது. படித்தவர் எவரும் அந்த வரியைத் தொட்டிருக்க மாட்டார்.

இசைக்கு வருவோம், பெரிய ஆபத்து இருப்பது இங்கேதான். விழாவுக்காக வீடியோவை என் யூடியூப் சேனலில் ஏற்றியதும் கன்டென்ட் ஐடி உரிமைகோரல் வந்தது. ஏற்றும் வீடியோவில் பிறருடைய இசையோ காட்சியோ இருக்கிறதா என்று யூடியூப் தானாகவே சோதிக்கும் முறைதான் கன்டென்ட் ஐடி. பின்னணி இசை வேறொருவருக்குச் சொந்தம். இது ஸ்டிரைக் (சேனல் மேல் யூடியூப் பதியும் விதிமீறல் எச்சரிக்கை) இல்லை, சேனலுக்கு உடனே ஒன்றும் ஆகாது. ஆனால் இசைக்குச் சொந்தக்காரர் நினைத்தால் வீடியோவை முடக்கலாம், அதில் விளம்பரம் ஓடவிட்டு வருமானத்தை எடுத்துக்கொள்ளலாம். அவரே நேரடியாக நீக்கச் சொல்லிக் கோரினால்தான் ஸ்டிரைக். 90 நாளுக்குள் 3 வந்தால் சேனலே போய்விடும். லைசென்ஸ் எங்கே என்று கேட்டேன். யாரோ ஒருவர் பெயரில், காலாவதியான ஒரு சந்தாவின் ஸ்கிரீன்ஷாட் வந்தது. பல இசைத் தளங்களில் சந்தா கட்டியவரின் சேனலுக்கு மட்டும்தான் உரிமை, வாடிக்கையாளருக்குச் செய்து தர வேறு திட்டம் வாங்க வேண்டும். சில நிபந்தனைகளோடு யாரும் பயன்படுத்தலாம் என்று உரிமையாளரே விட்டுவைத்த, இலவசமாகக் கிடைக்கும் கிரியேட்டிவ் காமன்ஸ் இசையிலும் ‘வணிகப் பயன்பாட்டுக்கு அல்ல’ என்ற வகை உண்டு. புத்தகம் விற்பதற்கான ட்ரெய்லருக்கு அதை எடுத்தால் வம்புதான்.

அந்த ட்ரெய்லர் குழு வீடியோவைத் தங்கள் சேனலிலும் போட்டார்கள். ‘லட்சம் பார்வை உறுதி’ என்று விளம்பரத்திலேயே சொன்னவர்கள் ஆயிற்றே. எண்ணிக்கை ஒரே இரவில் ஆயிரக்கணக்கில் ஏறியது, கீழே ஒரு கமெண்ட் கிடையாது. பதிப்பாளரிடம் விசாரித்தேன், விற்பனையில் அசைவே இல்லை. சராசரியாக எவ்வளவு நேரம் பார்த்திருக்கிறார்கள், எந்த நாடுகளிலிருந்து, எந்த வழியாக வந்தார்கள் என்று அனலிடிக்ஸ் பக்கத்தைக் காட்டச் சொன்னதிலிருந்து பதில் நின்றுவிட்டது. செயற்கையாகப் பார்வை ஏற்றுவதை யூடியூப் அனுமதிப்பதில்லை. அந்த எண்ணிக்கையைக் கழித்துவிடும், வீடியோவையே நீக்கவும் செய்யும். விளம்பரம் வேண்டுமென்றால் உங்கள் சொந்த கூகுள் ஆட்ஸ் கணக்கிலிருந்து ஓட்டுங்கள், காசு எங்கே போகிறது என்று உங்களுக்கே தெரியும்.

சரி, செய்யக் கொடுத்தே ஆக வேண்டும் என்றால், மீதிப் பணம் தருவதற்கு முன் வீடியோவை உங்கள் சேனலில் ‘பிரைவேட்’ என்று வைத்து ஏற்றிப் பாருங்கள். வெளியிடும் முன்பே பதிப்புரிமைச் சோதனை நடந்து, பிரச்சினை இருந்தால் அங்கேயே காட்டிவிடும். பகிர்ந்த பிறகு அதே லிங்கில் வேறு வீடியோவை மாற்றி வைக்க முடியாது, அதனால் இதைத் தள்ளிப்போடாதீர்கள். எந்தக் காட்சி எந்தத் தளத்திலிருந்து, இசை லைசென்ஸ் யார் பெயரில், திருத்தம் என்றால் எதெல்லாம், குரல் மனிதருடையதா என்பதை எழுத்தில் வாங்குங்கள். எடிட்டிங் ப்ராஜெக்ட் ஃபைலும் கேளுங்கள். அது கையில் இருந்தால் இன்னொரு எடிட்டர் குரலையோ இசையையோ மட்டும் மாற்றிக் கொடுத்துவிடுவார். அட்டைப் படத்தை ட்ரெய்லரில் பயன்படுத்த ஓவியரிடமும் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள், அதன் உரிமை பெரும்பாலும் அவரிடமோ பதிப்பகத்திடமோதான் இருக்கும்.

எனக்குப் பணம் திரும்பி வரவில்லை. வீடியோவை எடுத்துவிடுங்கள் என்று கேட்டதற்கும் மறுத்தார்கள். ட்ரெய்லரில் வாசிக்கப்படுவது என் நாவலின் வரிகள், அந்தப் பதிப்புரிமை என்னுடையது. யூடியூபின் பதிப்புரிமை நீக்கக் கோரிக்கைப் படிவத்தில் அந்த வரிகளையும் அவை வரும் நேரத்தையும் குறிப்பிட்டு அனுப்பினேன், அவர்கள் சேனலிலிருந்து வீடியோ இறங்கிவிட்டது. உங்கள் எழுத்தும் இப்படி யாரிடமாவது சிக்கியிருந்தால் இந்த வழி இருக்கிறது. சம்மதம் இல்லாமல் அவர்கள் போட்டதற்கான மெசேஜ்களை அழிக்காமல் வைத்துக்கொண்டு, படிவத்தில் உண்மையை மட்டும் எழுதுங்கள்.