அத்திவாரத்துக்குக் கருங்கல்லா, சுண்ணாம்புக்கல்லா? வன்னிக் காணிக்கு எது பொருந்தும்

புத்தளத்திலிருந்து முல்லைத்தீவு வரை ஒரு கோடு இழுத்தால், அதற்கு வடமேற்கே நிலத்தடியில் மயோசீன் காலத்துச் சுண்ணாம்புக்கல். தென்கிழக்கே மிகப் பழைய உருமாறிய பாறை. நாம் கருங்கல் என்பது அதைத்தான். வன்னி இந்தக் கோட்டின் இரு பக்கமும் கிடப்பதால் அத்திவாரத்துக்கு இரண்டு கல்லும் கேள்விக்கு வரும். குளத்துக்குக் கீழே, வயலோரம், களிமண் காணி என்றால் கருங்கல்லையே எடுங்கள்.

விலையை ஏற்றுகூலி தீர்மானிக்கிறது. ஒரு கியூப், அதாவது 100 கன அடி, காணியில் இறக்கித் தர எவ்வளவு என்று கேட்டால் போதும். பலத்தைப் பற்றி யோசிக்கவே தேவையில்லை. ஒருமாடி வீட்டின் பாரத்தை இரண்டும் தாங்கும். சுண்ணாம்புக்கல்லை உடைத்துச் செதுக்குவதும் சுலபம், சாந்தும் நன்றாகப் பிடிக்கும்.

வித்தியாசம் தண்ணீரில்தான். காலபோக மழையில் குளம் நிரம்ப, சுற்றியுள்ள நிலத்தின் நீர்மட்டமும் மேலே வரும். களிமண் அந்த ஈரத்தை வாரக்கணக்கில் விடாது. நுண்துளையுள்ள சுண்ணாம்புக்கல் விளக்குத் திரியைப் போல அதை உறிஞ்சி மேலே ஏற்றும். நீரோடு உப்பும் வரும். கோடையில் நீர் ஆவியாக, உப்பு பூச்சுக்குப் பின்னால் படிகமாகிப் பூச்சைத் தள்ளும். சுவரின் அடிப்பகுதி பொருக்கு விடுவது இதனால்தான். மேலே திரும்பப் பூசினாலும் அடுத்த கோடையில் அதே இடம் உரியும், ஏனென்றால் ஈரம் வரும் வழி அப்படியே இருக்கிறது.

யாழ்ப்பாணத்தில் சுண்ணாம்புக்கல் அத்திவாரங்கள் நெடுங்காலம் நிற்கின்றனவே என்பார்கள். உண்மைதான். அங்கே பல இடங்களில் மண் ஆழமில்லை, கீழே வெடிப்புள்ள பாறை, மழைநீர் இறங்கிவிடும். பூநகரிப் பக்கம் நீர் தேங்காத மணல் காணிக்கும் அடர்ந்த சுண்ணாம்புக்கல் பொருந்தும். எல்லாச் சுண்ணாம்புக்கல்லும் ஒன்றல்ல. சிப்பி அடையாளமும் பொந்தும் நிறைந்த கல்லைத் தவிருங்கள். முருகைக்கல், அதாவது பவளப்பாறைக் கல், வேண்டவே வேண்டாம்.

சந்தேகமென்றால் காய்ந்த கல்லொன்றை நிறுத்து, ஒரு இரவு தண்ணீரில் போட்டு, துடைத்துவிட்டுத் திரும்ப நிறுங்கள். 5 கிலோ கல் 50 கிராம் கூடினால் ஒரு வீதம் குடித்திருக்கிறது. நல்ல கருங்கல் அவ்வளவுகூடக் குடிக்காது. சுண்ணாம்புக்கல்லைத்தான் கட்டுவதென்றால் முதலில் நனையுங்கள், இல்லாவிட்டால் சாந்தின் நீரை இழுத்துவிடும். அது படையாகப் படிந்த பாறை; படை கிடையாக இருக்கும்படி வையுங்கள். நிறுத்தி வைத்தால் தகடுதகடாகப் பிரியும்.

கருங்கல்லிலும் உக்கிய கல் கலந்து வரும். சுத்தியலால் தட்டினால் கணீரென்று கேட்கவேண்டும். துருநிறமும் மந்தமான சத்தமும் இருந்தால் திருப்பி அனுப்புங்கள். உருண்டைக் கல்லை உடைக்காமல் வைக்கக்கூடாது. தூசியைக் கழுவாவிட்டால் சாந்து பிடிக்காது. அடியில் 3 அங்குலக் கொங்கிறீற், மேலே 1:5 சீமெந்துச் சாந்தில், அதாவது ஒரு பங்கு சீமெந்துக்கு ஐந்து பங்கு மணல், கட்டு. மூன்று நான்கு அடிக்கு ஒரு கல்லாவது சுவரின் முழு அகலத்துக்கும் குறுக்கே போகவேண்டும். இடைவெளியைச் சாந்தால் மட்டும் நிரப்புவது மேசன்மாரின் வழக்கமான குறுக்குவழி. சிறுகல்லை அடித்து இறுக்கச் சொல்லுங்கள்.

எந்தக் கல்லானாலும் அத்திவாரத்தின் மேலே முக்கால் அங்குலத்துக்கு 1:2 சாந்து போட்டு, காய்ந்தபின் சூடான தார் இரண்டு பூச்சு. கதவு நிலைகளுக்குக் கீழும் விடாமல் போகவேண்டும்; விட்ட இடத்தால் ஈரம் ஏறும்.