1911ஆம் ஆண்டு வெள்ளி ரூபாய் என்று என்னிடம் ₹18,500 வாங்கிக்கொண்டு, தேதி செதுக்கிய 1914 காசை அனுப்பிவிட்டார்கள். ஏலக் குழுக்களில் வாங்குபவர்கள் ஜாக்கிரதை!

மெசேஜ் ஆப்பில் நடக்கும் நாணய ஏலக் குழுக்களில் பழைய வெள்ளி ரூபாய் வாங்குகிறவர்கள் இதைக் கொஞ்சம் நின்று படியுங்கள். ₹18,500. சில்லறைத் தொகை இல்லை. எப்படி ஏமாற்றுகிறார்கள், வந்த காசை எப்படிப் பிடிப்பது, வாங்கும்முன் என்னென்ன கேட்க வேண்டும் எல்லாம் எழுதுகிறேன். குழுவின் பெயரைப் போடவில்லை. ஆயிரக்கணக்கான பேர் இருக்கும் பெரிய குழு, வார இறுதியில் ஏலம், அட்மின்கள் மூன்று நான்கு பேர் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர்கள் நாளைக்கே பெயரை மாற்றிக்கொள்வார்கள். செய்கிற வேலை மாறாது.

முதலில் காசு. ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் 1911 ரூபாயை நம் ஆட்கள் 'பிக் ருப்பி', அதாவது பன்றி ரூபாய், என்பார்கள். மன்னரின் மேலங்கியில், மார்புப் பகுதியில் ஒரு குட்டி யானை இருக்கும். 1911 அச்சில் அந்த யானைக்குத் தும்பிக்கை குட்டையாகிப் பன்றியின் மூஞ்சி மாதிரி ஆகிவிட்டது. மக்களிடம் எதிர்ப்புக் கிளம்பியதும் வெளியீட்டை நிறுத்தினார்கள், அச்சடித்ததில் பெரும்பகுதியை உருக்கினார்கள். 1912 முதல் வந்த காசுகளில் யானையைத் திருத்திவிட்டார்கள்: தும்பிக்கை நீளம், காது தெளிவு, பார்த்தவுடன் யானை என்று தெரியும். அதனால்தான் 1911க்கு இந்த விலை. 1912, 1914, 1917 எல்லாம் சந்தையில் தாராளமாகக் கிடைக்கும். வெள்ளி விலைக்கு மேல் கொஞ்சம் கொடுத்தால் போதும்.

இனி மோசடி நடந்த விதம். ஏலத்துக்கு வந்த படங்கள் உண்மையான 1911 காசின் படங்கள்தான். அதில் சந்தேகமே இல்லை. யானை குளோசப்பில் இருந்தது, பன்றி மூஞ்சி அப்பட்டமாகத் தெரிந்தது. தலைப்பக்கத்தில் 'கிங்' என்ற எழுத்துகளுக்கு அடியில் ஒரு கரும்புள்ளி. விளிம்பில், கடிகாரத்தில் 4 மணி இருக்கும் இடத்தில், ஒரு சின்ன வெட்டு. ஸ்டார்டிங் பிட் ₹3,000. கடைசி நேரத்தில் இரண்டு ஐடிகள் மாறி மாறி ஏற்றிக்கொண்டே போய், ₹18,500 வந்ததும் இரண்டும் ஒரே நேரத்தில் அடங்கிவிட்டன. அந்த இரண்டு ஐடிகளும் இந்த விற்பனையாளர் ஏலத்துக்கு வைத்த பொருள்களைத் தவிர வேறு எதிலும் பிட் போட்டதில்லை என்பது பழைய ஏலங்களைப் பின்னோக்கித் தேடியபோது தெரிந்தது.

அடுத்தது பணம். குழுவில் ஒரு ஏற்பாடு உண்டு: பணம் முதலில் அட்மினிடம் போகும், பொருள் கைக்கு வந்து வாங்கியவர் 'ஓகே' சொன்ன பிறகு விற்பனையாளருக்கு விடுவார்கள். அதற்குச் சின்னக் கமிஷன். அந்த வழியில் அனுப்புவதாகச் சொன்னதற்கு அட்மின் போட்ட பதில்: "சார், அவர் நம்ம குழுவுல ஆரம்பத்துல இருந்து இருக்கார். நூறு பேருக்கு மேல வாங்கியிருக்காங்க. நேரா அவருக்கே போட்டுடுங்க, உங்களுக்கும் கமிஷன் மிச்சம்." பணத்தைப் பத்திரமாக வைத்துக் கொடுக்க வேண்டிய ஆளே இப்படிச் சொல்கிறார்! கூடவே விற்பனையாளர் ஒரு வீடியோ அனுப்பினார். ஒரு வெள்ளைத் தாளில் வாங்குபவர் பெயரும் அன்றைய தேதியும், அதன்மேல் காசு, பிறகு அதே காசு டிஜிட்டல் தராசில்: 11.64 கிராம். இரண்டு பக்கமும் திருப்பிக் காட்டினார், விளிம்பைச் சுற்றிக் காட்டினார், கரும்புள்ளியும் வெட்டும் அதே இடத்தில். எல்லாம் சரி. பணம் போக வேண்டிய யுபிஐ மட்டும் வேறு பெயரில் இருந்தது. "தம்பி அக்கவுண்ட் சார், என்னோடதுல லிமிட் முடிஞ்சுபோச்சு." ₹18,500 போனது.

பார்சலில் வந்தது வேறு காசு.

கரும்புள்ளி இல்லை. 4 மணி இடத்தில் வெட்டு இல்லை. யானை நன்றாக நீளத் தும்பிக்கையோடு நிற்கிறது. இதற்கு மேல் சாட்சியே வேண்டாம்: 1911 என்று தேதி, திருத்திய யானை, இரண்டும் ஒரே காசில் சேர்ந்திருக்க முடியாது. பிறகு 10 மடங்கு பெரிதாக்கிக் காட்டும் லூப்பில் (கைப் பூதக்கண்ணாடி) பார்த்தால் கதை முழுக்கத் தெரிகிறது. 1914இன் கடைசி 4ஐ எடுத்துக்கொள்ளுங்கள். அதன் சாய்கோட்டையும் குறுக்குக் கோட்டையும் செதுக்கி எடுத்தால் மிஞ்சும் நிமிர்ந்த கோடு 1 மாதிரியே இருக்கும். அதைத்தான் செய்திருக்கிறார்கள். ஆனால் 4இன் நிமிர்ந்த கோடு வலப்பக்கமாக இருப்பதால், கடைசி இரண்டு எண்களுக்கு நடுவே இடைவெளி அகலமாகிவிட்டது. அந்தக் கடைசி 1இன் வலப்பக்கம், பாதிக்குக் கீழே, குறுக்குக் கோட்டின் மிச்சம் ஒரு மரு போல ஒட்டிக்கொண்டிருக்கிறது. இடப்பக்கம் தளம் லேசாகக் குழிந்திருக்கிறது, வெளிச்சத்தைச் சாய்த்துக் காட்டினால் நேர்கோட்டுக் கீறல்கள் மின்னுகின்றன. அச்சில் அடித்த வெள்ளியில் பளபளப்பு மையத்திலிருந்து விளிம்பு நோக்கி ஓடும். இங்கே தேதிக்குப் பக்கத்தில் மட்டும் அது செத்துக் கிடக்கிறது. அதை மறைக்க ஏதோ ரசாயனத்தைத் தடவிக் கறுப்பு ஏற்றியிருக்கிறார்கள். வெள்ளியில் நாளடைவில் தானாக ஏறும் கறுப்பு (டோனிங்) பெரும்பாலும் விளிம்பில் அடர்ந்து உள்ளே வரவர மெலியும், இது தேதியைச் சுற்றித் திட்டாக இருக்கிறது.

ஒப்பிட்டுப் பார்க்க வேறு 1911 காசு கையில் இல்லாதவர்களுக்கு ஒரு சுலப வழி: 1911இல் கடைசி இரண்டு எண்களும் 1 தானே? அந்த இரண்டையும் ஒன்றோடொன்று ஒப்பிடுங்கள். உயரம், தடிமன், தலை வளைவு, அடிப்பகுதி எல்லாம் ஒன்றுபோல இருக்க வேண்டும். இந்தக் காசில் இரண்டும் சித்தப்பா மகன், பெரியப்பா மகன் அளவுக்குக்கூட ஒத்துப்போகவில்லை.

இனி வருவதுதான் வயிற்றெரிச்சல். விற்பனையாளரிடம் படங்களை அனுப்பியதும் முதல் பதில், "வெளிச்சம் சார், மொபைல்ல எடுத்தா அப்படித்தான் தெரியும்." வெளிச்சத்தில் விளிம்பு வெட்டு மறைந்துவிடுமா? யானைக்குத் தும்பிக்கை முளைக்குமா? அடுத்த பதில், "வெள்ளி ஒரிஜினல் சார். எந்த நகைக்கடைல வேணும்னாலும் டெஸ்ட் பண்ணிப் பாருங்க. எடையும் கரெக்டா இருக்கும்."

இந்த இடத்தைக் கவனியுங்கள், புதியவர்கள் பலர் விழுவது இங்கேதான். அவர் சொல்வது உண்மை! 1914 காசும் அரசு அச்சடித்ததுதான். 11.66 கிராம், 91.7 சதவீத வெள்ளி, இரண்டு ஆண்டுக் காசுகளுக்கும் ஒன்றே. செதுக்கி எடுத்தது ஒரு இணுக்கு, தராசில் தெரியவே தெரியாது. உலோகத்தின் தூய்மையை அளக்கும் எக்ஸ்ஆர்எஃப் கருவியில் வைத்தாலும் 91.7 என்றுதான் காட்டும். காந்தத்தில் ஒட்டாது. எடை, தூய்மை, காந்தம் மூன்றிலும் தேறிவிடும். அந்தச் சோதனைகள் எல்லாம் போலி உலோகத்தைப் பிடிக்கத்தான், தேதி திருத்தலைப் பிடிக்க அல்ல.

போலி உலோகம் வேறு வகை என்பதால் அதையும் சொல்லிவிடுகிறேன். செம்பு நிக்கலில் அடித்து வெள்ளி முலாம் பூசிய நகல்கள் ஏராளமாகச் சுற்றுகின்றன. ஒரிஜினலின் அதே விட்டம், அதே தடிமனில் செய்தால் எடை 10 கிராமுக்குப் பக்கத்தில்தான் நிற்கும். எடையைச் சரிக்கட்ட வேண்டுமானால் தடிமனைக் கூட்ட வேண்டும். கண்டுபிடிக்க 0.01 கிராம் தராசு போதும். ஒரு கப் தண்ணீரைத் தராசில் வைத்துப் பூஜ்யமாக்குங்கள். காசை மெல்லிய நூலில் கட்டி, அடியையோ பக்கத்தையோ தொடாமல் தண்ணீருக்குள் முழுக்கத் தொங்கவிடுங்கள். 91.7 வெள்ளியில் 11.66 கிராம் காசு என்றால் தராசு 1.13 பக்கத்தில் காட்டும். செம்பு நிக்கல் என்றால் அதே எடைக்கு 1.31 பக்கம் போகும். காசின்மேல் காற்றுக்குமிழி ஒட்டியிருந்தால் கணக்கு தப்பும், விரலால் தட்டிவிட்டுப் பாருங்கள். காந்தத்தில் ஒட்டவில்லை என்று மட்டும் சொல்லி விற்பவரை நம்பாதீர்கள், செம்பு நிக்கல் காசும் அப்படி ஒட்டாது.

மறுபடி நம்ம ஆளுக்கு வருவோம். மூன்றாவது பதில், "கவரைப் பிரிச்சாச்சுன்னா ரிட்டர்ன் கிடையாது, குழு ரூல்ஸ் பாருங்க." கவரைப் பிரிக்காமல் காசை எப்படிப் பார்ப்பது என்று கேட்டதற்குப் பதில் இல்லை. நான்காவதுதான் உச்சம்: "நூறு வருஷத்துக்கு மேலான காசு, தொல்பொருள் சட்டம் இருக்கு. போலீசுக்குப் போனா உங்க கலெக்‌ஷனையும் சேர்த்துத் தூக்கிட்டுப் போயிடுவாங்க." மிரட்டல்! 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டத்தில் நூறாண்டு கடந்த காசும் தொல்பொருள்தான். ஆனால் உரிமம் வாங்கச் சொல்வது அதை விற்கும் தொழில் நடத்துகிறவரை. வெளிநாட்டுக்குக் கொண்டுபோகவும் தடை. வீட்டில் சேகரித்து வைத்திருப்பவரை மிரட்ட அதில் எதுவும் இல்லை. உரிமம் இருக்கிறதா என்று திருப்பிக் கேட்டதும் பிளாக்.

அட்மினிடம் போனால், "குழுவுல போடாதீங்க சார், மத்தவங்க பயந்துடுவாங்க, பெர்சனலா பேசித் தீர்த்துக்கலாம்." பெர்சனலில் கேட்டால், "நாங்க இடம் மட்டும்தான் குடுக்கறோம், கொடுக்கல் வாங்கலுக்குப் பொறுப்பில்ல." நேராகப் போடச் சொன்னது யார்? அந்த மெசேஜை 'எல்லோருக்கும் அழி' போட்டு அழித்திருக்கிறார். ஸ்கிரீன்ஷாட் இருக்கிறது என்று சொன்ன கொஞ்ச நேரத்தில் குழுவை விட்டே நீக்கிவிட்டார்கள். ₹18,500க்கு நூறு பேர் சாட்சி என்றவர்கள், ஒரு காசுப் படத்துக்குப் பதில் சொல்ல முடியாமல் ஓடுகிறார்கள்.

அந்த உண்மையான 1911 இன்னும் அவர் கையில்தான் இருக்கிறது. அதே காசைக் காட்டி அடுத்த ஏலமும் நடக்கும். 'கிங்' அடியில் கரும்புள்ளி, 4 மணி இடத்தில் வெட்டு. அந்த அடையாளத்தோடு எங்கே பார்த்தாலும் பிட் போடாதீர்கள்.

இதே குழுவில் 1818 என்று தேதி போட்டு, அனுமன், ராமர் உருவத்தோடு 'கிழக்கிந்தியக் கம்பெனி காசு' என்று பல்லாயிரத்துக்கு விற்கிறார்கள். கம்பெனி அப்படி ஒரு காசே வெளியிட்டதில்லை, எல்லாம் பின்னால் அடித்த பொம்மைக் காசுகள். அப்போதே யாரும் வாயைத் திறக்கவில்லை. 1939 ரூபாயிலும் இதே சங்கதிதான், 1938இன் 8ஐ 9 ஆக்குகிறார்கள். பழைய காசை லட்சத்துக்கு எடுத்துக்கொள்கிறோம், முதலில் கமிஷன் கட்டுங்கள் என்று ரிசர்வ் வங்கி பெயரில் வருகிற கும்பல் தனி. அதைப் பற்றி ரிசர்வ் வங்கியே 2021இல் எச்சரித்திருக்கிறது.

வாங்கும்முன் என்ன கேட்க வேண்டும் என்று எழுதுவதாகச் சொன்னேன், விரிவாக எழுத இப்போது பொறுமை இல்லை. சுருக்கமாக:

தேதியால் விலை ஏறும் காசு என்றால், தேதியை மட்டும் லூப் வைத்து எடுத்த படம் கேளுங்கள், அதோடு அந்த ஆண்டுக்கே உரிய இன்னொரு அடையாளத்தையும் கேளுங்கள். படத்திலுள்ள தழும்பு, புள்ளி, வெட்டு எல்லாவற்றையும் குறித்துவைத்து வந்த காசோடு ஒப்பிடுங்கள்.

பார்சலை ஒரே ஓட்டமாக வீடியோ எடுங்கள். முகவரிச் சீட்டு, ஒட்டு பிரியாத ஓரங்கள், பிறகு பிரிப்பது, காசின் இரண்டு பக்கம், தராசு எண், நடுவில் நிறுத்தவே கூடாது. அந்த வீடியோ இல்லையென்றால் "நீங்கதான் மாத்திட்டீங்க" என்பார்கள்.

வேறு பெயரில் யுபிஐ என்றால் அங்கேயே நிறுத்துங்கள். அட்மின் நேராகப் போடச் சொன்னாலும் போடாதீர்கள்.

பணம் போனதும் சைபர் மோசடி உதவி எண் 1930க்கு அழையுங்கள், தேசிய சைபர் குற்றப் புகார் இணையதளத்திலும் பதியுங்கள். 12 இலக்க யுடிஆர் எண் (பணம் அனுப்பியதற்கான பரிமாற்ற எண்), பெற்றவரின் யுபிஐ ஐடி, குழு உரையாடலின் ஸ்கிரீன்ஷாட்டுகள் கையில் இருக்கட்டும். குழுவை விட்டு நீக்குவதற்கு முன்பே உரையாடலை முழுக்க ஏற்றுமதி செய்துவையுங்கள். தாமதித்தால் பணம் வேறு வேறு கணக்குக்குப் பிரிந்துபோய்விடும். காசைத் திருப்பி அனுப்பச் சொன்னால் பணம் வரும்வரை அனுப்பாதீர்கள், அதுதான் உங்கள் ஆதாரம். துடைக்கவும் வேண்டாம், கழுவவும் வேண்டாம்.

என் புகாருக்கு எண் வந்திருக்கிறது. ₹18,500 இன்னும் வரவில்லை. இதே மாதிரி 'தம்பி அக்கவுண்ட்' கணக்குக்குப் பணம் போட்டவர்கள் இருந்தால் உங்கள் யுடிஆர் எண்ணோடு நீங்களும் புகார் பதியுங்கள், ஒரே கணக்கின் மேல் பல புகார் விழுந்தால் வழக்குக்கு வலு கூடும்.