விறகுப் போறணையில் வெந்த நத்தார் கேக்

மூன்று நத்தாராக எங்கள் வீட்டுக் கேக் எங்கள் வீட்டில் வேகவில்லை. கொழும்பு கொட்டாஞ்சேனையில் எங்கள் ஒழுங்கை போய்ப் பெரிய தெருவில் ஏறும் இடத்தில் ஒரு பழைய பேக்கரி இருக்கிறது. இன்னும் இறப்பர் விறகு எரிக்கும் போறணை. பாணும் பணிசும் எங்கேயும் கிடைக்கும், அதற்காக எழுதவில்லை. டிசம்பரில் மட்டும் அவர்கள் வேறொரு வேலையும் செய்கிறார்கள்: கலவையைத் தட்டில் ஊற்றிக் கொண்டுபோய்க் கொடுத்தால் சுட்டுத் தருவார்கள். கடையின் பெயரைச் சொல்லப்போவதில்லை. கீழே கொஞ்சம் குறையும் சொல்ல வேண்டியிருக்கிறது, அதனால்.

முதல் தடவை போனது 2022 இல். அந்த ஆகஸ்டில் மின் கட்டணம் சராசரியாக 75 வீதம் ஏறியது. டிசம்பர் வந்தும் மின்வெட்டு நிற்கவில்லை. நத்தார் கேக் மெல்லிய சூட்டில் இரண்டு, இரண்டரை மணி நேரம் கிடந்து வேக வேண்டிய சாமான். இடையில் கரண்ட் போனால் நடுவில் குழி விழுந்துவிடும். என்ன செய்வது என்று யோசித்துக்கொண்டிருந்தபோது அம்மாதான், "அம்மம்மா போறணைக்குத்தானே கொண்டுபோனவ" என்றார்.

எங்கள் கேக்கில் மாவுக்குப் பதில் வறுத்த ரவைதான். அரைக் கிலோ ரவை, அரைக் கிலோ பட்டர், முக்கால் கிலோ கஜு, இருபது மஞ்சள் கரு. பிளம்ஸ், செரி, பூசணித் தோசி (சீனிப் பாகில் காய்ச்சிய பூசணித் துண்டு), இஞ்சிப் பாகு, சௌ சௌ எல்லாவற்றையும் பொடியாக வெட்டி, நவம்பர் நடுவிலேயே பிரண்டியில் ஊறப் போட்டுவிடுவோம். தோசியைப் புறக்கோட்டையில் வாங்குவதுதான் என் வழக்கம். போன வருடம் சோம்பலில் பக்கத்துக் கடையில் வாங்கினேன், வெறும் சீனிக் கட்டி. கஜுவை மிக்ஸியில் போட்டு அடிப்பவர்களோடு எனக்குப் பேச்சில்லை. கத்தியால்தான் வெட்ட வேண்டும். ஒரு பின்னேரம் போகும், போகட்டும். இவ்வளவு காசும் மினக்கேடும் கிடக்கிற கலவையை இன்னொருவர் கையில் கொடுத்துவிட்டு வருவது லேசான காரியமில்லை. முதல் வருடம் அம்மா பேக்கரி வாசலில் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தேவிட்டார்.

உட்கார்ந்திருந்ததில் வேலை எப்படி நடக்கிறது என்று பார்க்கக் கிடைத்தது. விடியப்புறம் போறணைக்குள்ளேயே விறகை எரிக்கிறார்கள். செங்கல் நன்றாகச் சூடேறியதும் தணலை வெளியே இழுத்துவிட்டு, தளத்தை ஈரச் சாக்கால் துடைக்கிறார்கள். அந்தக் கடும் சூட்டில் முதலில் பாண். அப்புறம் பணிஸ். கேக்குக்கு இடம் கடைசியில்தான். "இப்ப போட்டா கருகிப்போகும், மிஸ். பாண் இறங்கட்டும்" என்றார் போறணைக்காரர். பிறகு ஒரு துண்டுத் தாளைத் தளத்தில் வீசினார். அது கறுத்துச் சுருண்டது. கதவை மூடிவிட்டுத் தேநீர் குடிக்கப் போனார். அரை மணி நேரம் கழித்து இன்னொரு தாள். அது மெல்ல மஞ்சளானது. தட்டுகள் உள்ளே போயின. அவ்வளவுதான் அவருடைய வெப்பமானி.

கேக் போகும்போது உள்ளே நெருப்பே கிடையாது. செங்கல் குடித்து வைத்திருக்கும் சூடு மட்டும்தான், அதுவும் மெதுவாக இறங்கிக்கொண்டே போகும். எங்கள் மேசை ஓவனில் மேல்கம்பி சிவந்து சிவந்து அணையும். கேக்கின் தலை காய்ந்து வெடித்திருக்கும், நடு மட்டும் பிசுபிசுவென்று இருக்கும். போறணையில் வெந்த கேக்கில் மேலும் கீழும் ஒரே நிறம், ஓரத்துத் துண்டுகூட ஈரமாக இருக்கிறது. வழக்கமாக ஓரத்தை வெட்டி எறிவோம், இப்போது அதற்குத்தான் பிள்ளைகள் சண்டை பிடிக்கிறார்கள். தட்டுக்கு அடியில் நாலு மடிப்புப் பத்திரிகைத் தாள், அதன் மேல் எண்ணெய்த் தாள் கட்டாயம் போடுங்கள். தளம் நேராகச் சுடும். எங்கள் தட்டுக்கு ஞாயிறு வீரகேசரி சரியான அளவு.

சரி, குறைக்கு வருவோம். 2023 இல் தட்டின் ஓரத்தில் பெயர் எழுதிய தாளை ஒட்டிக் கொடுத்தேன். போறணைக்குள் போன தாள் என்ன ஆகும் என்று யோசிக்க வேண்டாமா? நானும் யோசிக்கவில்லை, அவர்களும் சொல்லவில்லை. பின்னேரம் எடுக்கப் போனபோது ஒரே மாதிரி ஆறு தட்டு. பையன் ஒன்றைத் தூக்கித் தந்தான், நானும் கொண்டுவந்தேன். அம்மா இரண்டு வாரமாக அதன் மேல் கரண்டி கரண்டியாகப் பிரண்டி தெளித்தார். 23ஆம் திகதி வெட்டினால் உள்ளே பேரீச்சம்பழம். எங்கள் வீட்டில் பேரீச்சம்பழம் போடுவதே இல்லை.

அன்று இரவே போறணைக்காரர் ஓர் அன்ரியோடு எங்கள் வாசலில் நின்றார். அன்ரி வீட்டில் மதுவாடையே ஆகாதாம், கேக்குக்குக்கூடச் சொட்டுப் பிரண்டி விடமாட்டார்களாம். எங்கள் கலவை ஒரு மாதம் பிரண்டியில் கிடந்தது. நான் என்ன சொல்வதென்று தெரியாமல் நிற்க, அன்ரி தாழ்ந்த குரலில், "உங்கட கேக் நல்லாத்தான் இருந்தது, பிள்ளை. ஆனா முடிஞ்சு போச்சு" என்றார். அவருடைய கேக்கைத் திருப்பிக் கொடுக்க வழியில்லை, அதிலும் இப்போது எங்கள் பிரண்டி. போறணைக்காரர் மன்னிப்புக் கேட்டார், கூலியைத் திருப்பித் தந்தார். இருந்தும் அன்று முழுக்க எனக்குக் கோபம்தான். போன வருடம் தட்டின் விளிம்பில் ஆணியால் பெயரைக் கீறிக் கொடுத்தேன். நீங்களும் அப்படியே செய்யுங்கள்.

தட்டுக்கு 400 ரூபா வாங்குகிறார்கள். ஹோட்டல்களில் ஒரு கிலோ கேக்குக்குக் கேட்கும் விலையைப் பார்த்தால் இது காசே இல்லை. ஆனால் நேரம் சொல்ல மாட்டார்கள். "பத்து மணிக்கு வாங்க" என்றால் பன்னிரண்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். 13ஆம் திகதி புனித லூசியாள் திருநாள். பேராலயப் பக்கம் சனம் கூடிவிடும், தட்டைத் தூக்கிக்கொண்டு நடக்கவே இடமிருக்காது. அதற்கு முன்னால் கொடுத்துவிட்டால் கேக் ஊறுவதற்கும் நாள் கிடைக்கும்.

24ஆம் திகதி பின்னேரம் கோழியும் எடுக்கிறார்கள், ஒன்றுக்கு 500 ரூபா. இதில் எனக்கு அவ்வளவு திருப்தியில்லை. மிளகு, உள்ளி, தேசிக்காய் பூசி ஓர் இரவு வைத்துக் கொடுத்த கோழி. கால் பகுதி அருமை, நெஞ்சு சக்கை. ஒன்றரைக் கிலோவுக்கு மேல் போகாமல் பார்த்து, நெஞ்சுக்குப் பட்டர் பூசிய தாளைப் போர்த்திக் கொடுத்தால் பரவாயில்லை. ஆனால் கோழிக்கு அடியில் வைத்த உருளைக்கிழங்குக்காகவே திரும்பவும் போவேன். மஞ்சள் சோறு, கஜுக் கறி, கத்தரிக்காய் மோஜு எல்லாம் வழமைபோல வீட்டு அடுப்பில்தான். நள்ளிரவுப் பூசை முடிந்து வந்தால் பதினான்கு பேர். மோஜுவை முதல் நாளே செய்துவிட்டால் பாதிப் பாரம் குறையும், ஊறினால் ருசியும் கூடும்.

போன வருடம் கனடாவில் இருந்து அக்காவும் அத்தானும் வந்திருந்தார்கள். அத்தானுக்கு வான்கோழி இல்லாவிட்டால் நத்தாரே இல்லையாம். சூப்பர் மார்க்கெட்டில் ஐந்து கிலோவில் ஒன்றை உறைந்த கல்லாக வாங்கி வந்தார். பிரிட்ஜின் கீழ்த்தட்டில் வைத்து இளக விட்டதிலேயே இரண்டு நாள் போயிற்று. மூன்றாம் நாள் தோளில் சுமக்காத குறையாகப் பேக்கரிக்குக் கொண்டுபோனோம். போறணைக்காரர் துணியை விலக்கிப் பார்த்தார். "இது கோழியில்லை, மிஸ். இது ஆடு" என்றார். பாண் இறங்கிய பிறகு இருக்கிற சூடு இதன் எலும்பு வரைக்கும் போகாது, உள்ளே பச்சையாக நிற்கும், தின்றவர்கள் ஆஸ்பத்திரிக்குப் போவார்கள் என்று தட்டை எங்கள் பக்கமே தள்ளிவிட்டார். 500 ரூபாவுக்கு ஆசைப்படாத அந்த ஒரு காரியத்துக்காகவே கேக் மாறிய கோபம் எனக்குத் தீர்ந்தது. வான்கோழியை வெட்டி மிளகுக் கறி வைத்தோம். அத்தான் மூன்று தரம் போட்டுச் சாப்பிட்டார்.

இந்த வருடமும் வருகிறார்களாம். வான்கோழிக்கு ஏற்பாடு செய்யட்டுமா என்று போன வாரம் கேட்டிருந்தார். போறணையின் வாயைப் படம் எடுத்து அனுப்பியிருக்கிறேன்.