வலை போகும் திசை: ஜாவாஸ்கிரிப்டா, வெப்அசெம்பிளியா?

பாம்பனில் நாட்டுப்படகு வைத்திருக்கும் சித்தப்பாவுக்காக சி++ மொழியில் ஒரு கணக்கு எழுதினேன். காற்றையும் நீரோட்டத்தையும் கொடுத்தால், விட்ட வலை எந்தப் பக்கம் எவ்வளவு தூரம் இழுபடும் என்று சொல்லும். தென்கடலுக்கு (மன்னார் வளைகுடா) ஒரு அட்டவணை, வடகடலுக்கு (பாக் நீரிணைப் பக்கம்) ஒன்று. லேப்டாப்பைப் படகில் ஏற்ற முடியாது. போன் பிரவுசரில் ஓட வேண்டும். பிரவுசரின் சொந்த மொழியான ஜாவாஸ்கிரிப்டில் திருப்பி எழுதலாம், அல்லது எம்ஸ்கிரிப்டன் என்ற கருவியை வைத்து, பிரவுசரில் ஓடும் எந்திர மொழி போன்ற வடிவமான வெப்அசெம்பிளியாக மாற்றலாம்.

முதலில் திருப்பித்தான் எழுதினேன். வேகத்தில் குறையில்லை. இன்றைய பிரவுசர்கள் ஜாவாஸ்கிரிப்டையும் ஓடும்போதே எந்திர மொழியாக்கிவிடுகின்றன. பிழை தேடுவதும் சுலபம்.

வினை வேறு பக்கம் வந்தது. "தம்பி, ஒரே காத்துக்கு உன் லேப்டாப் ஒண்ணு சொல்லுது, என் போன் வேற சொல்லுது. நான் எதை நம்பி வலைய விட?" என்றார் சித்தப்பா. என் அட்டவணையில் கால் மணிக்கு ஒரு வரி. 50 நிமிடத்தை 15-ஆல் வகுத்தால், முழு எண் கணக்கில் சி++ 3 என்று வெட்டிவிடும், ஜாவாஸ்கிரிப்ட் 3.33 தரும். பிழைச்செய்தி எதுவும் வராமல் விடை மட்டும் விலகிப்போனது. சரி, திருத்தினேன். அப்புறம் சி++ பக்கம் ஒரு சூத்திரத்தை மாற்றிவிட்டு, போன் பக்கம் மறந்தேன். மறுபடி அதே பேச்சு.

வெப்அசெம்பிளிக்கு மாறியது இதற்காகத்தான். மூலம் ஒன்றே, திருத்தினால் இரண்டு பக்கமும் திருந்தும். முழு எண் முழு எண்ணாகவே இருக்கும். இதற்கு முன்னோடியாக 2013-இல் வந்த ஏஎஸ்எம்.ஜேஎஸ், ஜாவாஸ்கிரிப்டுக்குள்ளேயே, முழு எண் என்று காட்டும் '|0' குறியை ஒட்டி ஒட்டி இதைச் சாதித்தது. சி++ நிரலைப் பிரவுசரில் ஓட்ட கூகிள் கொண்டுவந்த நேட்டிவ் கிளையன்ட் குரோமைத் தாண்டவில்லை. கடைசியில் அவர்களும் அதை விட்டுவிட்டு இந்தப் பக்கம் வந்தார்கள். வெப்அசெம்பிளியோ 2017-இலேயே நான்கு பெரிய பிரவுசர்களிலும் ஏறி, 2019 டிசம்பரில் இணையத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பின் தரமானது. நாளைக்குக் கைவிடுவார்களோ என்ற பயம் எனக்கு இல்லை.

தொல்லையும் உண்டு. இணையப் பக்கத்தில் உள்ள பொத்தானை வெப்அசெம்பிளி நேரடியாகத் தொடாது. நடுவில் ஜாவாஸ்கிரிப்ட் வேண்டும். கணக்கின் ஒவ்வொரு நிமிடத்துக்கும் ஒருமுறை ஜாவாஸ்கிரிப்டிலிருந்து கூப்பிட்டுக்கொண்டிருந்ததை, ஒரே அழைப்பில் மொத்த விடையையும் நினைவகத்தில் எழுதவைத்து அங்கிருந்து எடுக்கும்படி மாற்றினேன். சர்வர் கோப்பின் வகையை 'அப்ளிகேஷன்/வாஸ்ம்' என்று அனுப்பாததால் கோப்பு இறங்கும்போதே அதை எந்திர மொழியாகத் தொகுக்கும் வசதி வேலை செய்யவில்லை. அதைக் கண்டுபிடிக்க ஒரு மாலை போனது.

வரைபடம் இன்னும் ஜாவாஸ்கிரிப்டில்தான். கணக்கைப் பிரித்து ஒரே நேரத்தில் பல இழைகளில் ஓட்டிப் பார்த்ததில்லை. ஐபோனிலும் பார்த்ததில்லை, அதைக் கடலுக்குக் கொண்டுபோகிறவர் யாரும் எங்கள் கரையில் என் கண்ணில் படவில்லை.